ஒரு லிட்டர் பிராணவாயு

பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது வருஷம் கேமரன் மலைத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்தவர். பீடி, சுருட்டு எதையும் தொட்டவர் அல்லர். ஆனால் லயத்து வீட்டின் பின்கட்டில், காற்றே புகாத சமையலறையில், ஈர விறகை ஊதி ஊதி எரித்த புகை முழுவதும் அவருடைய நெஞ்சுக்குள்தான் போயிற்று. அறுபது வயதில் தொடங்கிய இருமல், எழுபதில் மூச்சிரைப்பாக முற்றியது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சளி கட்டிக்கொண்டு, கீழ்நாட்டில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தார்.

பத்தாம் நாள், விரலில் ஒரு சின்னக் கருவியைக் கவ்வ வைத்துப் பார்த்தார்கள். 92 என்று காட்டியது. "வீட்டுக்குப் போகலாம் பாட்டி" என்றார்கள். எங்களுக்கும் சந்தோஷம். கார் பிடித்து மலையேறினோம். ரிங்லெட் தாண்டும்போதே பெரியம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டுப் படி நாலையும் ஏறி முடித்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சுகமாக இருந்தவருக்கு மலையில் என்ன வந்தது? சாப்பாடா, பனியா, கண்ணேறா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் மலையேதான்.

மலையில் காற்று மெலிவு

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 21 சதவிகிதம், பிராணவாயு. இது கடற்கரையிலும் அப்படித்தான், கேமரன் மலையிலும் அப்படித்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவு. ஒரே மூச்சுக்குக் கடற்கரைக்காரருக்குக் கிடைக்கும் பிராணவாயுவைவிட நமக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது. 18 சதவிகிதம் பிராணவாயு உள்ள காற்றைக் கடற்கரையில் சுவாசிப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நுரையீரலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் நம்மவர்கள் இந்தக் காற்றைத்தான் சுவாசித்து, முதுகில் கூடையோடு சரிவு ஏறியிருக்கிறார்கள். விரல் கருவி வைத்துப் பார்த்தால் கீழே 98 காட்டுகிறவருக்கு இங்கே ஓரிரு புள்ளி குறையலாம், அவ்வளவுதான். ஆனால் நுரையீரல் ஏற்கெனவே நொந்தவர், கீழேயே 92இல் தத்தளிக்கிறவர், மேலே வந்தால் 86க்கும் 85க்கும் இறங்கிவிடலாம். பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே நெஞ்சு நோய்க்காரரைக் கீழ்நாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும் மலைக் குடும்பத்தார் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் வீடு நாலாயிரத்து எழுநூறு அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே போனாலும் இவருக்கு இது போதுமா?" கேட்பதில் வெட்கம் வேண்டாம். தாப்பாவிலும் ஈப்போவிலும் இருப்பவர்களுக்கு நம்முடைய உயரம் எப்போதும் நினைவில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அந்தச் சின்னக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று, இரண்டையும் விரலுக்குள் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு பிராணவாயுவைச் சுமக்கிறது என்று அது கணக்கிடுகிறது. அதற்கு வழி கண்டவர் டக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர், ஆண்டு 1974. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2020இல் கோவிட் தொற்று வந்தபோது இந்தக் கருவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அவோயாகி காலமானதும் அதே 2020இல்தான்.

கருவி பொய் சொல்வதும் உண்டு. காலைப் பனியில் விறைத்த விரலில் ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே எண்ணும் குறைவாகக் காட்டலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, அசையாமல் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். நகச்சாயமும் கறுப்பு மருதாணியும் ஒளியை மறைக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று. உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே இது நமக்குக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. ஆகவே எண் நன்றாக இருக்கிறதே என்று, மூச்சுத் திணறுகிற ஆளைப் படுக்க வைத்துவிட்டுப் பசியாறப் போய்விடாதீர்கள்.

குழாயும் முகமூடியும்

பெரியம்மாவை மறுபடி டாக்டரிடம் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார்கள், நடக்கச் சொன்னார்கள், பிறகு வீட்டில் வைத்துக்கொள்ளப் பிராணவாயு இயந்திரம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். "ஒரு லிட்டர். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்தான். ராத்திரி தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்க வேண்டும்" என்றார் டாக்டர். இந்தப் பதினைந்து மணி என்பது வாய்க்கு வந்த கணக்கல்ல. 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரிட்டனிலும் வெளிவந்த இரண்டு பெரிய ஆராய்ச்சிகளில், பிராணவாயு மிகவும் குறைந்துபோன நெஞ்சு நோயாளிகளில் அதை நீண்ட நேரம் எடுத்தவர்களே அதிக நாள் உயிரோடு இருந்தார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் ஐந்து நிமிஷம் போட்டுக் கழற்றுவது ஆறுதலாக இருக்கலாம், ஆயுளைக் கூட்டாது.

வீட்டு இயந்திரம் பார்ப்பதற்குச் சின்ன அலமாரி மாதிரி இருக்கும். அதற்குள் பிராணவாயு நிரப்பி வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. நம் வீட்டுக் காற்றையே இழுத்து, ஒருவகைக் கனிமக் குருணை வழியாக அழுத்துகிறது. அந்தக் குருணை நைட்ரஜனைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது; தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் சுத்தமான பிராணவாயு வெளியே வருகிறது. ஆகவே தீர்ந்து போகாது. ஆனால் கரண்டு போனால் நின்றுவிடும். புயல் மழையில் மரம் விழுந்து கம்பி அறுவது மலையில் புதிதா என்ன? அதற்காகப் பக்கத்தில் ஒரு சிலிண்டர் இருந்தாக வேண்டும்.

பிராணவாயுவைக் கொடுக்கும் கருவிகள் பல தினுசு. சாதாரணமானது மூக்கில் இரண்டு முனை செருகும் மெல்லிய குழாய். நிமிஷத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை இதில் கொடுக்கலாம். போட்டுக்கொண்டே பேசலாம், சாப்பிடலாம், பேரனைத் திட்டலாம். அதற்கு மேலும் தேவைப்பட்டால் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி. இதற்கு 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். முகமூடிக்குக் கீழே பை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அது 10 முதல் 15 லிட்டர் பாயும் அவசரக் கருவி. விபத்து, அதிர்ச்சி, கடுமையான நிமோனியாவுக்கு. பை எப்போதும் உப்பியிருக்க வேண்டும். தொங்கிச் சுருங்கினால் உடனே மிஸியைக் கூப்பிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வெஞ்சுரி முகமூடி. கழுத்தில் வண்ண வண்ண மூடி இருக்கும்; வழக்கமாக நீலம் என்றால் 24 சதவிகிதம், வெள்ளை என்றால் 28. நோயாளி எப்படி மூச்சிழுத்தாலும் குறித்த அளவுக்கு மேல் பிராணவாயு போகாது. 1960இல் லண்டனில் இதைக் கொண்டுவந்தவர் டாக்டர் மோரன் கேம்பல். பிராணவாயுவை அதிகமாகக் கொடுக்கத்தானே எல்லோரும் கருவி செய்வார்கள்? இவர் அளவு மீறாமல் கொடுப்பதற்காக ஒரு கருவி செய்தார். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஒரு ராத்திரி எங்கள் வீட்டிலேயே பதில் கிடைத்தது.

அன்றைய ராத்திரி

தை மாதத்துக் குளிர். பெரியம்மாவுக்கு மாலையிலிருந்தே இருமல். பத்து மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாய் காற்றுக்குத் தவிப்பதைப் பெற்ற பிள்ளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இயந்திரத்தின் திருகாணியைத் திருப்பினார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. விரல் கருவியில் எண் ஏறியது. 97! பெரியம்மாவின் மூச்சும் மெல்ல அடங்கியது. அசந்து தூங்கினார். வீடே நிம்மதியாகத் தூங்கியது.

விடியற்காலையில் மருமகள் காப்பி கொண்டுபோய் எழுப்பினார். எழவில்லை. உலுக்கியதும் கண்ணைத் திறந்து, "கூடை எங்கே, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று உளறிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். முகம் சிவந்து வியர்த்திருந்தது. விரலில் இன்னும் 97தான். எண் அவ்வளவு அழகாக இருக்க, ஆள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

999க்குப் பேசி ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மிஸி முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை லிட்டர் ஓடியது?" யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு மகன்தான், "அஞ்சு, மிஸி. நான்தான் திருகினேன்" என்றார். தலை நிமிரவில்லை. மிஸி கோபிக்கவில்லை. "சொன்னீங்களே, அதுவே பெரிய உதவி அண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

நடந்தது இதுதான். மூச்சு என்பது பிராணவாயுவை உள்ளே இழுப்பது மட்டும் அல்ல. கரியமில வாயுவை வெளியே தள்ளுவதும்தான். பல வருஷம் கெட்டுப்போன நுரையீரலில் சில பகுதிகளுக்குக் காற்றே போகாது. உடம்பு கெட்டிக்காரத்தனமாக அந்தப் பகுதிகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, காற்றோட்டம் உள்ள இடத்துக்கு ரத்தத்தைத் திருப்பி விடுகிறது. பிராணவாயுவை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சுருங்கிய குழாய்கள் விரிந்துகொள்ளும். ரத்தம் வேலைக்காகாத இடத்துக்குப் போய் வீணாகத் திரும்பும். மூச்சு விடும் உந்துதலும் சிலருக்குக் குறையும். கரியமில வாயு ரத்தத்தில் தேங்குகிறது. தலைவலி, மயக்கத் தூக்கம், உளறல், அப்புறம் நினைவிழப்பு. விரல் கருவி பிராணவாயுவை மட்டுமே பார்ப்பதால் இதையெல்லாம் காட்டிக்கொடுக்காது.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூச்சுத் திணறலோடு வந்த 405 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் தாராளமாகவும், மற்றவர்களுக்கு 88க்கும் 92க்கும் இடையில் நிற்கும்படி அளந்தும் கொடுத்தார்கள். தாராளமாகப் பெற்றவர்களில் 9 சதவிகிதம் பேர் இறந்தார்கள். அளந்து பெற்றவர்களில் 4 சதவிகிதம் பேர். முடிவு 2010இல் வெளிவந்தது. இப்போது இத்தகைய பழைய நெஞ்சு நோய்க்காரர்களுக்கு 88 முதல் 92 வரை என்பதே டாக்டர்கள் வைக்கும் இலக்கு. மற்ற நோயாளிகளுக்கு 94 முதல் 98. ஆகவே "பக்கத்து வீட்டு மாமாவுக்கு 96 வைத்திருக்கிறார்களே, நம் அம்மாவுக்கு 90தானா?" என்று மனம் வேகக் கூடாது. அந்த 90தான் அம்மாவுக்கு மருந்தின் அளவு.

பெரியம்மா பிழைத்தார். இறுக்கமான ஒரு முகமூடி வழியாக, மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் இயந்திரத்தோடு இரண்டு நாள் இணைத்து வைத்திருந்தார்கள். தேங்கிய வாயு வெளியேறிற்று. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார்.

தீயும் எண்ணெயும்

பிராணவாயு தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் மூர்க்கமாக எரிய வைக்கும். 1774இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி இந்த வாயுவைப் பிரித்தெடுத்தபோது, அதில் காட்டிய மெழுகுவத்தி பிரகாசமாக எரிந்ததைக் கண்டுதான் வியந்தார். அந்த வியப்பு நம் வீட்டில் நடக்கக் கூடாது. குழாய் போட்டவர் இருக்கும் அறையில் சிகரெட் கூடாது. அடுப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நம் வீடுகளில் இன்னும் சில உண்டு: சாமி விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணித் தட்டு, கொசுவர்த்தி. இயந்திரத்தை நிறுத்தினாலும் சேலையிலும் போர்வையிலும் பிராணவாயு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணெய்க் கையால் சிலிண்டர் திறப்பைத் தொடக் கூடாது. மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவாமல், தண்ணீர் கலந்த களிம்பு எது என்று மிஸியைக் கேட்டு வாங்குங்கள்.

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. 680 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 5 மணி 40 நிமிஷம் வரும். 10 லிட்டர் ஓடினால் 68 நிமிஷம்தான். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு அறுபது கிலோமீட்டர் வளைவுப் பாதை. காய்கறி லாரி ஒன்று முன்னால் போனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கணக்குப் போடாமல் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிறவருக்கு ஆம்புலன்ஸ்தான் சரி.

சில்லெட்டிலிருந்து ஒரு சேதி

இன்று நம் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்களைவிட வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான் அதிகமாகத் தென்படுகிறார்கள். வங்காளதேசத்தின் தேயிலைச் சீமை சில்லெட். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் 1996இல் ஓர் இளம் டாக்டர், முகம்மது ஜொபாயர் சிஸ்தி, ஒரே ராத்திரியில் மூன்று குழந்தைகள் நிமோனியாவில் இறப்பதைப் பார்த்தார். பிராணவாயு கொடுத்தும் பயனில்லை. மூச்சுக்கு அழுத்தம் கொடுக்கும் இயந்திரம் வாங்க அந்த ஆஸ்பத்திரிக்கு வசதியில்லை.

பிறகு மெல்பர்னில் படிக்கப் போனபோது, தண்ணீரில் குமிழி விட்டுக் குழந்தைகளின் நுரையீரலை விரித்து வைக்கும் கருவியைக் கண்டார். ஊர் திரும்பியதும் ஒரு ஷாம்பு போத்தலில் தண்ணீர் ஊற்றி, குழந்தை வெளிவிடும் மூச்சை ஒரு குழாய் வழியாக அதற்குள் விட்டார். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற வேண்டியிருப்பதால், சின்னஞ்சிறு காற்றறைகள் சுருங்காமல் நிற்கின்றன. இந்தக் குமிழிப் போத்தலை டாக்காவில் சோதித்த முடிவுகள் 2015இல் வந்தன. சாதாரணக் குழாயில் பிராணவாயு பெற்ற குழந்தைகளில் 15 சதவிகிதம் இறந்தன. குமிழிப் போத்தலில் பெற்றவற்றில் 4 சதவிகிதம்.

குழந்தைகளுக்கு விரல் கருவியைவிட நம் கண்ணே முதல் கருவி. சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் குழிந்தாலோ, பால் குடிக்க மாட்டாமல் துவண்டாலோ, நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மாவின் இயந்திரத்தில் இப்போது திருகாணிக்கு மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அதில் மகன் கையாலேயே "1" என்று எழுதியிருக்கிறார். பக்கத்துச் சுவரில் இன்னொரு தாள்: தலைவலி, பகல் தூக்கம், உளறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. இயந்திரத்தின் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுவது பேத்தியின் வேலை. கரண்டுச் செலவும் சிலிண்டர் வாடகையும் குடும்பத்துக்குப் பாரம்தான். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு, அங்கே கேட்டால் உதவிக்கு வழி சொல்வார்கள் என்பதையும் மிஸிதான் எடுத்துச் சொன்னார்.

தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தார். டாக்டரைக் கேட்டோம்; சம்மதித்தார். 680 லிட்டர் சிலிண்டர், நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் வீதம், பதினோரு மணி நேரத்துக்குத் தாங்கும். சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். தீபாராதனை நேரத்தில் நாங்கள் மட்டும் வாசல் தூணுக்கு அப்பால் ஒதுங்கி நின்றோம். பூசாரி மூக்குக் குழாயைப் பார்த்தார்; கற்பூரத் தட்டைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, விபூதியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களிடம் நடந்து வந்தார்.